ஊத்தாவா, கூடா, பறியா? பரணில் கிடைத்த ஒரு கூடையும் மூன்று பெயர்களும்

நீங்கள் கேட்டது இதுதான். சிவகங்கைப் பக்கத்துக் கிராமத்தில் தாத்தா வீட்டுப் பரணை ஒழிக்கும்போது மூங்கில் சிம்பில் கட்டிய, மேலேயும் கீழேயும் திறந்திருக்கிற, கூம்பு மாதிரி ஒரு கூடை கிடைத்தது. அம்மா அதை ஊத்தா என்கிறார். ராமேஸ்வரத்து நண்பர் படத்தைப் பார்த்துவிட்டு ‘இது கூடு’ என்கிறார். அகராதியைப் புரட்டினால் பறி என்று போட்டிருக்கிறது. இதில் எது சரியான தமிழ், மீன்பிடிக் கருவிகளுக்கெல்லாம் சேர்த்து ஒரு முழுப் பட்டியல் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டியல் என்று கேட்டாலும், ஊருக்கு ஊர் பெயர் மாறும்போது யார் சொல்வதை ஏற்றுக்கொள்வது என்பதுதான் உங்கள் குழப்பம் என்று படுகிறது. அதற்கே பதில் சொல்கிறேன்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. மீனவர்களுக்கு வலை, கருவி சம்பந்தமான பயிற்சி கொடுக்கும் வேலையில் இருபத்தெட்டு வருடம் இருந்தேன். பெரும்பகுதி ராமநாதபுரம் கடற்கரை, நடுவில் ஆறு வருடம் சென்னைக்கு வடக்கே, கடைசியில் கொஞ்ச காலம் கன்னியாகுமரி. இலங்கை வழக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் மண்டபம் அகதி முகாமில் இருந்த மன்னார், முல்லைத்தீவு ஆட்கள் வலை பொத்திக்கொண்டே சொன்னதுதான். மொழியியல் படித்தவன் இல்லை. அதனால் ஒரு சொல் எதற்கு வழங்குகிறது என்று நான் சொன்னால் தைரியமாக எடுத்துக்கொள்ளுங்கள், எங்கிருந்து வந்தது என்று சொன்னால் கொஞ்சம் யோசித்து எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் கூடை. அம்மா சொன்னதுதான் சரி, அது ஊத்தா. ஆனால் மற்ற இரண்டு பேரும் தப்பாகச் சொல்லவில்லை, அவர்கள் வேறு கருவியை நினைத்துக்கொண்டு சொல்கிறார்கள். ஊத்தா என்பது ஆள் கையில் பிடித்து, முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டே, சேற்றில் குத்துகிற கருவி. அதனால்தான் ‘ஊத்தா போடுறது’ என்று யாரும் சொல்வதில்லை, ‘ஊத்தா குத்துறது’ என்பார்கள். கூடு என்பது கடலில் பார் என்கிற அடிப்பாறையை ஒட்டி இறக்கி வைத்துவிட்டு வருவது. அதன் வாய் உள்ளே போகப்போகக் குறுகும், இரைக்கு ஆசைப்பட்டு உள்ளே போன மீனுக்குத் திரும்பி வர வழி தெரியாது. கீழக்கரைப் பக்கம் பார் மீனுக்கு இதைத்தான் வைப்பார்கள், அந்தக் காலத்தில் மரக் குச்சியும் பனை நாரும், இப்போது இரும்புக் கம்பியும் வலையும். ராமேஸ்வரத்துக்காரர் கண்ணுக்குக் குச்சியில் கட்டியது எல்லாம் கூடாகத்தான் தெரியும். பறி என்பது கொஞ்சம் பொதுவான சொல். மீன் பிடிக்கிற கூடைக்கும் பிடித்த மீனைப் போட்டுக்கொள்கிற கூடைக்கும் அதுவே பெயர். பழவேற்காட்டில் ஏரித் தண்ணீரில் குனிந்து கையாலேயே இறால் தடவிப் பிடிக்கிற இருளர் பெண்கள், இரண்டு கையும் வேலையில் இருப்பதால், ஓலையில் முடைந்த பறியைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். முதல் தடவை அதைப் பார்த்தபோது, கருவி பற்றி இவர்களுக்கு நான் என்ன பாடம் எடுப்பது என்று இருந்தது.

ஊத்தாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல ஆசை, ஏனென்றால் கடற்கரையில் வேலை பார்த்தாலும் நான் பிறந்தது கண்மாய் ஊரில். அறுப்பு முடிந்து, வெயில் ஏறி, கண்மாயில் தண்ணீர் வற்றி இடுப்புக்கும் கீழே இறங்கியதும் ஒரு நாள் குறிப்பார்கள். அன்றைக்குக் கண்மாய் அழிப்பு. விடிவதற்கு முன்னாடியே கரை நெடுக சுற்றுப்பட்டு ஊர் ஆட்கள் ஊத்தா, கச்சா, வீச்சு வலை, ஒன்றும் இல்லாதவர்கள் வேட்டி என்று எடுத்துக்கொண்டு நிற்பார்கள். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் மொத்தக் கூட்டமும் இறங்கும். ஊத்தாவை மேல் வாயில் பிடித்து, நாலு எட்டு வைத்துக் குத்த வேண்டும், மறுபடி நாலு எட்டு, மறுபடி குத்து. தண்ணீர் கலங்கிப்போய் ஒன்றும் தெரியாது. கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை, எல்லாம் கைதான். உள்ளே மீன் சிக்கியிருந்தால் சிம்பில் ஒரு முட்டு முட்டும், அந்த அதிர்வு உள்ளங்கைக்கு வரும். கெண்டை முட்டுவது படபடவென்று இருக்கும். விரால் ஒரே ஒரு தடவை ‘தொம்’ என்று மோதிவிட்டுச் சேற்றுக்குள் இறங்கப் பார்க்கும். உடனே ஊத்தாவை அழுத்திப் பிடித்துக்கொண்டு மேல் வாய் வழியாகத் தோள்வரை கையை விட்டுத் துழாவ வேண்டும். கெளுத்தியாக இருந்தால் முள்ளில் குத்து வாங்குவீர்கள், அதன் கடுப்பு அடங்க ராத்திரி ஆகிவிடும். இவ்வளவு வேலையும் ‘குத்துறது’ என்கிற ஒரு சொல்லுக்குள் இருக்கிறது.

இதைச் சொல்வதற்குக் காரணம், கருவியின் பெயரை மட்டும் பட்டியல் போட்டால் பாதிதான் கிடைக்கும், அதோடு ஒட்டிக்கொண்டிருக்கிற வினையையும் சேர்த்து எழுத வேண்டும். வீச்சு வலையை வீசுவார்கள், செவுள் வலையை விடுவார்கள், கரைவலையை வளைப்பார்கள் அப்புறம் கரையில் நின்று இழுப்பார்கள், கூட்டை இறக்குவார்கள், கிழிந்த வலையைத் தைப்பதாக நாம் சொல்வோம், இலங்கைக்காரர்கள் பொத்துவார்கள். வினையைக் கேட்டாலே கருவி இன்னது என்று பிடிபட்டுவிடும்.

தூண்டில் என்பது கோலா, முள்ளா, கயிறா என்றும் கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, தூண்டில் என்பது மொத்தக் கருவி. நுனியில் வளைந்திருக்கிற கொக்கி தூண்டில் முள், கயிறு தூண்டில் கயிறு, கோல் இருந்தால் அது தூண்டில் கோல். சங்க இலக்கியத்திலேயே இந்தப் பிரிப்பு தெளிவாக இருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் மூங்கில் கழையில் நாண் கட்டி, வளைந்த வாய் உள்ள இரும்பில் இரையைப் பொதிந்து வாளை மீனைப் பிடிக்கிற காட்சி வருகிறது. கழை, நாண், இரும்பு, இரை எல்லாவற்றுக்கும் தனிப் பெயர் சொல்லி, சேர்த்துத் தூண்டில் என்கிறது. ஆனால் கடலில் தூண்டில் போடுகிறவர்களில் பெரும்பாலோருக்குக் கோலே கிடையாது, கையில் சுற்றிய கயிறுதான், அதனால் அவர்கள் தூண்டில் என்றால் கயிறும் முள்ளும் மட்டும்தான். நீளமான ஒரே கயிற்றில் நூற்றுக்கணக்கில் கிளைக் கயிறு கட்டி முள் தொங்கவிடுவதைக் குமரிப் பக்கம் ஆயிரங்கால் தூண்டில் என்பார்கள். தூத்தூர் ஆட்கள் இதை எடுத்துக்கொண்டு சுறாவுக்காக நாள்கணக்கில் ஆழ்கடலில் கிடப்பார்கள். ஆயிரம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டாம், கோயில் மண்டபத்துக்கு ஆயிரங்கால் என்று சொல்கிற மாதிரிதான் இதுவும்.

அடுத்து வலை. வெளியாட்கள் எல்லாவற்றையும் வலை என்கிறார்கள், கடற்கரையில் வலை வேறு, மடி வேறு. மடியில் காசை முடிந்துகொள்கிறோமே, அந்த மடிதான். பை மாதிரி இருந்து மீன் உள்ளே போய்ச் சேருகிற கருவி மடி, சுவர் மாதிரி நின்று மீன் தானாக வந்து மாட்டிக்கொள்கிற கருவி வலை. இப்படி வைத்துப் பார்த்தால் இழுவை மடி, இரட்டை மடி, தட்டுமடி, கரைமடி, சுருக்குமடி எல்லாம் ஏன் மடி என்று விளங்கும். செவுள் வலை ஏன் வலை என்பதும் விளங்கும், கண்ணியில் தலையை விட்ட மீன் செவுள் மாட்டிக்கொண்டு முன்னேயும் போக முடியாது பின்னேயும் வர முடியாது. சுருக்குமடி மட்டும் கொஞ்சம் இடறும், அது கடலில் விடும்போது சுவர்தான். மீன் கூட்டத்தை வளைத்த பிறகு அடிக்கயிற்றைச் சுருக்குப்பை மாதிரி இழுத்ததும்தான் மடி ஆகிறது. (செய்தியில் அடிக்கடி வருகிற சுருக்குமடி இதுதான். தமிழ்நாட்டில் 2000-இல் தடை செய்தார்கள், 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் என்று இடைக்கால அனுமதி கொடுத்தது. அது தனிச் சண்டை, இங்கே வேண்டாம்.) நான் சொல்கிற இந்த விதி எல்லா இடத்திலும் செல்லாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குமரியில் கரைமடி என்கிற அதே கருவி இலங்கையில் கரைவலை, நாகப்பட்டினம் பக்கம் பெரிய வலை. ஆனால் அங்கேயும் நடுவில் மீன் சேருகிற பையை மட்டும் தனியாகக் காட்டிக் கேளுங்கள், மடி என்றுதான் சொல்வார்கள்.

வலைக்குள் பெயர் வைக்கிற முறை பெரும்பாலும் மீனை வைத்துத்தான். நெத்திலி வலை, நண்டு வலை, திருக்கை வலை, சிங்கி வலை. சென்னைப் பக்கம் கவலை வலை என்று ஒன்று உண்டு, வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவர் ‘கவலை வலை போட்டிருக்கேன் சார்’ என்றதும் நான் அவருக்கு ஏதோ குடும்பக் கஷ்டம் என்று நினைத்து ‘எல்லாம் சரியாகிவிடும் ஐயா’ என்று ஆறுதல் சொல்லிவிட்டேன். கவலை என்பது நாம் மத்தி, சாளை என்கிற மீன் வகைதான். அன்றைக்கு அந்தக் குப்பமே சிரித்தது. மீன் பெயரே கரைக்குக் கரை மாறுகிறபோது, வலைப் பெயரும் கூடவே மாறிக்கொண்டு போகும். அப்புறம் டிஸ்கோ வலை. மூன்று அடுக்கு வலையை ஒன்றாகக் கட்டி இறாலுக்கு விடுவது. எந்த அகராதியிலும் தேடாதீர்கள், டிஸ்கோ என்ற சொல் ஊரெல்லாம் அடிபட்ட காலத்தில் வந்த வலை, அதனால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது என்பார்கள். தூய தமிழ் ஆர்வலர் ஒருவர் இதற்கு மூவடுக்கு வலை என்று எழுதச் சொன்னார், எழுதினேன், பயிற்சிக்கு வந்த ஒருவருக்கும் புரியவில்லை. ‘டிஸ்கோவா சார்?’ என்று கேட்டுவிட்டுத் தலையாட்டினார்கள்.

இந்த இடத்தில் தங்கூசியையும் சொல்ல வேண்டும். பருத்தி நூல் இருந்த காலத்தில் வலை மக்கிப்போகாமல் இருக்கப் புளியங்கொட்டைச் சாற்றில் காய்ச்சிச் சாயம் ஏற்றுவார்கள், அதற்கென்றே பெரிய பாத்திரம் இருக்கும், வாரத்தில் ஒரு நாள் அந்த வேலைக்கே போய்விடும். நைலான் வந்ததும் அந்தப் பாத்திரமும் போயிற்று, அந்த வேலையைச் சுற்றியிருந்த பேச்சும் போயிற்று. ஆனால் ஒற்றை இழை நைலானுக்கு மட்டும் தங்கூசி என்று ஒரு பெயர் இரண்டு கரையிலும் நிலைத்துவிட்டது, இலங்கையில் தங்கூசி வலைக்குத் தடை இருப்பதால் அங்கே பத்திரிகையில்கூட அடிக்கடி பார்க்கலாம். தங்க ஊசி என்று பிரித்து இதற்குக் கதை சொல்கிறார்கள், நான் நம்புவதில்லை. மலாய் மொழியில் தூண்டில் இழைக்குத் தாங்சி என்று ஒரு சொல் இருக்கிறது, கப்பலில் போய் வந்தவர்கள் கொண்டுவந்திருக்கலாம் என்பது என் ஊகம். ஊகம் மட்டும்தான்.

கடன் சொல் என்று பேச்சு வந்துவிட்டதால் மற்றதையும் சொல்லிவிடுகிறேன். கட்டுமரம் என்ற சொல் 17-ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேயர் எழுத்தில் ஏறி, பின்னால் அவர்கள் ஊரில் இரட்டை உடல் படகுக்குப் பெயராகிப்போனது, இது உறுதி. நம் கட்டுமரத்துக்கு இரட்டை உடலே கிடையாது, மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் கட்டுவதுதான். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகக் காயப்போடுவார்கள், இல்லாவிட்டால் தண்ணீர் குடித்துக் கனத்துவிடும். சுக்கான் அரபிலிருந்து வந்தது, நங்கூரம் பாரசீகத்து லங்கரிலிருந்து வந்தது என்பதுதான் பொதுவாக ஏற்கப்படுகிற கருத்து. ஆங்கிலேயர் சொல்கிற ஆங்கரே நங்கூரத்திலிருந்து போனது என்று ஒரு பதிவு சுற்றிக்கொண்டிருக்கிறது, அந்த ஆங்கிலச் சொல் கிரேக்கத்திலிருந்து லத்தீன் வழியாக வந்தது, அதை விட்டுவிடுங்கள். படகின் முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம், இரண்டும் நல்ல தமிழ், இன்றைக்கும் விசைப்படகில்கூடப் புழங்குகிறது. சுனாமிக்குப் பிறகு சோழமண்டலக் கரையில் கட்டுமரம் அநேகமாகப் போய் பைபர் படகு வந்துவிட்டது. கட்டுமரத்தை அந்தக் கரையில் வெறுமனே மரம் என்றுதான் சொல்வார்கள், சில வயசானவர்கள் பைபரில் ஏறிக்கொண்டே ‘மரத்துக்குப் போறேன்’ என்று சொல்லக் கேட்டிருக்கிறேன்.

கருவி போய்ச் சொல் மட்டும் தங்குவது இப்படி என்றால், சொல் போய்க் கருவி தங்கியதும் உண்டு. குறுந்தொகை 304-ஆம் பாட்டில் காய்ந்த மூங்கில் காம்பில் கூரான எறிஉளியைச் செருகி, திமில் என்கிற படகில் இருந்து பெரிய மீன்மேல் பரதவர் எறிகிறார்கள். அந்த எறிஉளியையும் திமிலையும் இன்று எந்தக் கரையில் கேட்டாலும் விழிப்பார்கள். ஆனால் கருவி போகவில்லை, மன்னார், யாழ்ப்பாணம் பக்கத்து ஆட்கள் அதை மண்டா என்பார்கள்.

எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்த சொல் பாடு. இது கருவி இல்லை, ஆனால் கருவியை விட்டால் அடுத்து இதைத்தான் எழுதி வைக்க வேண்டும். மீன்பாடு எப்படி என்று கேட்டால் எவ்வளவு மீன் பட்டது என்று அர்த்தம், இது எல்லாக் கரையிலும் உண்டு. பழவேற்காட்டில் பாடு என்றால் முறை. ஏரியில் இறால் நன்றாகப் படுகிற இடங்கள் கொஞ்சம்தான், எல்லாரும் ஒரே நாளில் அங்கே வலை கட்டினால் அடிதடி ஆகிவிடும். அதனால் ஊர்க்கூட்டத்தில் சீட்டுப் போட்டு எந்த நாளில் எந்த இடம் யாருக்கு என்று பிரித்துக்கொள்வார்கள், அந்த இடத்துக்கும் அந்த முறைக்கும் சேர்த்துப் பாடு என்று பெயர். பாடு இல்லாதவன் எவ்வளவு நல்ல வலை வைத்திருந்தாலும் அங்கே இறங்க முடியாது. இலங்கையிலோ ஒரு கரைவலை வளைப்பதற்கு உரிமை உள்ள கரைத் துண்டுக்குப் பாடு என்று பெயர், பக்கத்துப் பாட்டுக்காரர் எல்லைக்குள் கயிறு போகக் கூடாது. கிளிநொச்சி மாவட்டத்தில் வலைப்பாடு என்று ஒரு ஊரே இருக்கிறது. பிடிபட்ட மீனும், பிடிக்கிற முறையும், பிடிக்கிற இடமும் ஒரே சொல்லில். முகாமில் இருந்த ஒரு முல்லைத்தீவுக்காரர், முன்னால் சம்மாட்டியாக, அதாவது கரைவலை முதலாளியாக, இருந்தவர், தன் பாட்டின் எல்லையை மணலில் குச்சியால் கோடு கிழித்துக் காட்டினார். வடக்கே ஒரு பனை, தெற்கே ஒரு கிணறு. வலை போனதைச் சாதாரணமாகச் சொன்னவர், அந்தக் கோட்டைக் காலால் அழிக்காமல் சுற்றிக்கொண்டு போனார்.

சரி, பட்டியல். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கரை இருக்கிற மாநிலத்தில் கடல், ஏரி, கண்மாய், ஆறு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பட்டியல் போட்டால் அது யாருக்கும் உதவாது என்பது என் கருத்து. ஒரு ஊரை எடுத்துக்கொண்டு எழுதுங்கள், உங்கள் ஊரிலிருந்தே தொடங்கலாம். சொல்லுக்குப் பக்கத்தில் ஊர்ப் பெயர், அதோடு வருகிற வினை, எந்த மீனுக்கு, எந்த மாதத்தில், இவ்வளவும் இருந்தால் போதும். ‘இதுக்கு என்ன பேருங்க’ என்று நேராகக் கேட்டால் படித்தவர் வந்திருக்கிறார் என்று புத்தகச் சொல்லைத்தான் சொல்வார்கள், மிதப்பை மிதவை என்பார்கள். வேலை நடக்கிற நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவர் இன்னொருவரிடம் ‘அதை எடு’ என்பதற்கு என்ன சொல்லிக் கேட்கிறார் என்று கவனியுங்கள். அகராதியும் மீனவரும் முரண்பட்டால் அந்த ஊர்க் கருவிக்கு மீனவர் சொல்வதையே எழுதுங்கள், அகராதிச் சொல்லை ஓரத்தில் குறித்து வையுங்கள்.

உங்கள் ஊத்தாவைக் கழுவி வார்னிஷ் அடிக்கப் போவதாக எழுதியிருந்தீர்கள், அதற்கு முன் மேல் வாயை ஒரு தடவை விரலால் தடவிப் பாருங்கள். கட்டுக்கயிறு ஒரு பக்கத்தில் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தால் தாத்தா எந்தக் கையை விட்டுத் துழாவினார் என்று தெரிந்துவிடும். அதைப் பூசி மறைத்துவிடாதீர்கள், தூசி தட்டி, கரையான் ஏறாத இடமாகப் பார்த்துத் தொங்கவிட்டால் போதும்.